இரட்டைப் பாய்மரம்

மார்ச் 3

சரிபார்ப்பாளர் அவர்களுக்கு,
விவரப் பட்டியல் குழு, நாணயச் சேகரிப்போர் சங்கம்.

அம்மையீர்,

பொருள்: பட்டியலின் 212ஆம் பதிவைத் திருத்தக் கோருதல்.

நான் சாவி வெட்டும் கடை வைத்திருப்பவன். அதற்கு முன்பு பத்தொன்பது வருடம் நாணயச்சாலையில் ஆறாம் எண் பிரஸ்ஸை ஓட்டியவன். தாங்கள் அதே நாணயச்சாலையின் டை சோதனை அறையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதும், தாங்கள் எனக்கு உடன்பிறந்த அக்கா என்பதும் இந்த விண்ணப்பத்துக்குத் தேவையற்ற விவரங்கள். எனவே அவற்றைக் குறிப்பிடவில்லை.

குழுவில் உள்ள மற்றவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டை என்பது காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகு முத்திரை. அதைப் பிரஸ்ஸில் மாட்டி, வெறும் உலோக வில்லைகளை அடித்துக் காசாக்குவது என் வேலையாக இருந்தது. டையில் குறை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது வேறொருவர் வேலையாக இருந்தது.

தங்கள் பட்டியலில் இரண்டு பகுதிகள் உண்டு. 'வகைகள்' ஒன்று, 'பிழைகள்' இன்னொன்று. கப்பல் போட்ட இருபது காசில் பாய்மரம் இரண்டாகத் தெரியும் காசு பிழைகள் பகுதியில், 88ஆம் பக்கத்தில் இருக்கிறது. அடியில் குறிப்பு: "அறியப்பட்டது ஒரே காசு. பிரஸ் ஓட்டுநர், சேகரிப்போருக்கு விற்கும் நோக்கில், டையை வேண்டுமென்றே தளர்த்தி அடித்தது என விசாரணையில் உறுதியானது. ஓட்டுநர் பணிநீக்கம் செய்யப்பட்டார்." பெயர் போடாததற்கு நன்றி. ஆனால் அந்த மாதம் அந்தக் காசை அடித்தது ஒரே பிரஸ், அதை ஓட்டியது ஒரே ஆள்.

இப்போது இரண்டாவது காசு கிடைத்திருக்கிறது. படங்கள் இணைத்துள்ளேன். பட்டியலின் முன்னுரையில் தாங்களே எழுதியது இது: அடிக்கும்போது நேர்ந்த விபத்து அந்த ஒரு காசோடு போய்விடும்; அது பிழை. டையிலேயே உள்ள குறை, அந்த டை அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் அதே மாதிரி வரும், அது வகை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதன்படி நடந்தால் போதும்.

புதிய பதிப்பு ஜூலை முதல் வாரம் அச்சுக்குப் போகிறதாம். போன பதிப்பு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அடுத்ததற்கு நான் இருப்பேனோ இல்லையோ.

இங்ஙனம்,
சாவிக்கடைக்காரன்


மார்ச் 14

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பில் இயந்திர எண்ணெய் படிந்திருந்தது. படங்களும் அவ்வாறே.

காசில் உருவம் இரட்டிக்க இரண்டு காரணங்கள் உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். டை தயாரிக்கும்போது தாய் முத்திரையை அதன்மேல் இரண்டு தடவை அழுத்துவார்கள். இரண்டாம் தடவை மயிரிழை திரும்பினாலும் டையிலேயே கோடுகள் இரட்டித்துவிடும். இது ஒன்று. டை நல்லதாக இருந்து, பிரஸ்ஸில் இறுக மாட்டாமல் விட்டால், அடித்து மேலே எழும்போது அது ஆடி, காசின் கோடுகளை உரசிவிட்டுப் போகும். இது இன்னொன்று. முதலாவது உருண்டு, நுனி பிளந்து தெரியும். இரண்டாவது படி வெட்டினாற்போல் தட்டையாக இருக்கும். முதலாவது வகை. இரண்டாவது பிரஸ்ஸின் குறை.

பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. காசையே அனுப்பவும்.

88ஆம் பக்கக் குறிப்பு குழு எழுதியது அல்ல. விசாரணை அறிக்கையின் வாசகம். அதில் நான் தலையிட இயலாது.

சரிபார்ப்பாளர்

பி.கு. காசைத் துடைக்க வேண்டாம். சோப்புப் போட வேண்டாம். கையில் கிடைத்ததையெல்லாம் பளபளவென்று தேய்க்கிற பழக்கம் தங்களுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு.


மார்ச் 22

அம்மையீர்,

காசைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தேய்க்கவில்லை. கை துறுதுறுத்தது உண்மை.

கிடைத்த விதம் எழுதப் படிவத்தில் இரண்டு விரல் அகலம்தான் இடம் இருக்கிறது. எனவே இங்கே எழுதுகிறேன். எங்கள் தெருமுனையில் காசு போட்டு ஓட்டும் சலவைக்கடை உண்டு. பதினெட்டு இயந்திரம். காசுப்பெட்டிப் பூட்டுகளைப் பழுது பார்ப்பது நான். கூலி வேண்டாம், பெட்டி திறக்கும் நாளில் இருபது காசுகளை ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தேன். ஒன்பது வருடமாக, வாரம் ஒரு நாள். முதலில் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போதெல்லாம் தன் மனைவியிடம், "கப்பல் பைத்தியம் வந்துட்டாரு, டீ போடு" என்கிறார். பிப்ரவரி கடைசியில் ஏழாம் எண் இயந்திரத்தின் பெட்டியில், ஒரு சட்டைப் பொத்தானுக்கும் ஒரு ஹேர்பின்னுக்கும் நடுவே இது கிடந்தது.

விசாரணையில் ஏன் ஒரே காசு இருந்தது என்பதையும் குழு தெரிந்துகொள்ளட்டும். ஒரு சேகரிப்பாளர் கையில் இருந்த காசின் படம் செய்தித்தாளில் வந்த அன்றே, அந்த மாதம் அடித்த மூட்டைகளைத் திரும்ப வரவழைத்து, அவிழ்த்துக்கூடப் பார்க்காமல் உலையில் போட்டார்கள். அதற்கு முன்பே வெளியே போனவை மட்டும் தப்பின. ஒரே காசு என்றால் பிழை. பிழை என்றால் பிரஸ். பிரஸ் என்றால் நான். விசாரணைத் தலைவர் டை சோதனையாளரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "டை எப்படிம்மா இருந்துச்சு?" அந்த அம்மாள் சொன்னார்: "நான் பார்த்துதான் அனுப்பினேன். சுத்தமா இருந்துச்சு." அவரைத் தாங்கள் அறிந்திருக்கலாம்.

88ஆம் பக்கம் எனக்குத் தெரிந்து பன்னிரண்டு வருடம். என் மகளுக்குத் தெரிந்து மூன்று மாதம். கல்லூரி நூலகத்தில் உங்கள் பட்டியல் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டாள். "அப்பா, நெஜமாவே நீங்கதான் அப்படிப் பண்ணீங்களா? விக்கறதுக்கா?" இல்லை என்றேன். "அப்ப ஏன் புஸ்தகத்துல போட்டிருக்கு?" என்றாள். அவள் என்னை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் அதே நூலகத்தில் புதிய பதிப்பைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை.

சாவிக்கடைக்காரன்


ஏப்ரல் 9

ஐயா,

காசு கிடைத்தது. சங்கத்திடம் உள்ள முதல் காசோடு பக்கத்தில் வைத்து, பத்து மடங்கு லென்சிலும் நுண்ணோக்கியிலும் பார்த்தேன். இரட்டிப்பு தட்டையாக இல்லை. இரண்டாவது பாய்மரத்தின் நுனி உருண்டு பிளந்திருக்கிறது. டையிலேயே இருந்ததாகக் கருத இடமுண்டு.

ஆயினும் இப்போது முடிவு சொல்ல இயலாது. இரண்டு காசுமே புது டையில் சில நிமிட இடைவெளியில் அடித்தவைபோல் இருக்கின்றன. அந்தச் சில நிமிடம் பிரஸ்ஸில் ஏதோ கோளாறு என்று யாரேனும் வாதிட்டால் மறுக்க முடியாது. டை பல ஆயிரம் அடித்து ஓய்ந்த பிறகு வந்த மூன்றாவது காசு ஒன்று, இதே இரட்டிப்போடு கிடைத்தால் ஐயத்துக்கு இடமிருக்காது. ஜூன் முதல் வாரத்துக்குள் கிடைக்குமானால் அனுப்பவும்.

சரிபார்ப்பாளர்

(தனித்தாள்)

இது கோப்பில் சேராத தாள். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

உன் கையெழுத்து இன்னமும் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகிறது. உன் மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்பதை ஒரு விண்ணப்பத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

உன் அத்தான் போய் நான்கு வருடம் ஆகிறது. சிறுநீரகம் எத்தனை நாள்தான் தாங்கும். உனக்கு ஆள் விட்டுச் சொன்னேன். நீ வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கேட் சத்தம் கேட்ட ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்தேன். அதை நான் மறக்கப் போவதில்லை.


ஏப்ரல் 15

அக்கா,

தாளைக் கிழிக்கவில்லை.

நீ ஆள் விட்டுச் சொன்னது உண்மை. அவர் கடைக்கு வந்து, "அக்கா வீட்டுக்காரர் தவறிட்டாருங்க. சொல்லச் சொன்னாங்க" என்றார். "வரச் சொன்னாளா?" என்று கேட்டேன். "அது ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். இரண்டு பஸ் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு திரும்பிவிட்டேன். அத்தான் என்னை ஒரு நாளும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவருக்காக நான் வந்திருக்க வேண்டும். வராதது என் தப்பு. பார், தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு வரிதான் ஆயிற்று. சிலருக்கு ஆயுள் பூராவும் போதுவதில்லை.

ஒன்பது வருடம் தேடி ஒன்று கிடைத்தது. ஏழு வாரத்தில் இன்னொன்று வேண்டுமாம். சரி.

தம்பி


மே 27

அக்கா,

மூன்றாவது காசு இத்துடன் வருகிறது.

சலவைக்கடையை மட்டும் நம்பினால் ஆகாது என்று கடை வாசலில் பலகை வைத்தேன். 'கப்பல் இருபது பத்துக் கொண்டு வாருங்கள். பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தருவேன். ஒரு சாவி இலவசம்.' முதல் இரண்டு நாள் யாரும் வரவில்லை. ஏதோ ஏமாற்று என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் ஒரு பஸ் ஓட்டுநர் வந்தார். அவர் போய்ச் சொன்னதும் பிடித்துக்கொண்டது. நாற்பது நாளில் முந்நூற்றுப் பதினேழு சாவி வெட்டியிருக்கிறேன். பூட்டே இல்லாத வீட்டுக்காரர்கள்கூட வந்தார்கள். ஒருவர் சைக்கிள் சாவிக்கு ஆறு நகல் வாங்கிப் போனார். என் வீட்டுக்காரி, "உங்களுக்குப் புத்தி கித்தி பெசகிடுச்சா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். வெட்டி வெட்டி வலது கட்டைவிரல் மரத்துப் போய்விட்டது. இந்தக் கடிதத்தில் எழுத்து சரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காசைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பலகை வைத்த இரண்டாம் வாரத்தில் மகள் கல்லூரி விட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், எனக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தினமும் வந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் அவள்தான், எனக்கு வெள்ளெழுத்து. போன செவ்வாய்க்கிழமை ஒரு காசை நீட்டினாள். "அப்பா, பாய்மரம் ரெண்டா இருக்கு. ஆனா பக்கத்துல ஒரு கோடு ஓடுது. சிராய்ப்பா?" நகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "மேடா இருக்குப்பா" என்றாள்.

சிராய்ப்பு பள்ளமாக இருக்கும். டை விரிசல் விட்டால்தான் காசில் மேடு வரும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விளிம்பிலிருந்து கப்பலின் அடிவரைக்கும் நீளமான விரிசல். அந்த நிலைக்கு வர ஒரு டை ஒரு லட்சமாவது அடித்திருக்க வேண்டும். ஆடுகிற டையை வைத்துக்கொண்டு ஒரு லட்சம் அடிக்க முடியாது, பிரஸ்ஸே உடைந்துபோகும். விரிசல் வளர்ந்திருக்கிறது, பாய்மரம் மட்டும் முதல் காசில் இருந்த மாதிரியே இருக்கிறது.

இனிமேல் நாலாவது காசு கேட்காதே.

தம்பி


ஜூன் 5

ஐயா,

மூன்றாவது காசு ஆராயப்பட்டது. மூன்றிலும் இரட்டிப்பு ஒரே இடத்தில், ஒரே அளவில் உள்ளது. விரிசல் மூன்றாவதில் மட்டும் உள்ளது. இது டையின் குறை. குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

212ஆம் பதிவு நீக்கப்பட்டு, வகைகள் பகுதியில் 31ஆம் பக்கத்தில் கீழ்க்கண்டவாறு இடம்பெறும்:

"45-இ. இருபது காசு, கப்பல். இரட்டைப் பாய்மரம். டை தயாரிப்பின்போது நேர்ந்த இரட்டிப்பு. அறியப்பட்டவை மூன்று."

ஓட்டுநர் பற்றிய வாசகம் இராது.

சரிபார்ப்பாளர்

(தனித்தாள்)

நீ கேட்டது நடந்துவிட்டது. இத்தோடு இதை முடித்துக்கொள்வோம். எனக்கும் கண்புரை முற்றிவிட்டது, ஆகஸ்டில் அறுவை சிகிச்சை என்றிருக்கிறார்கள். மகளிடம் பக்கத்தைக் காட்டு. உன் கட்டைவிரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.


ஜூன் 11

அக்கா,

பக்கத்தின் நகலை மகளிடம் காட்டினேன். படித்தாள். சந்தோஷப்பட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப அந்த டையை வெளிய விடறதுக்கு முன்னாடி யாருமே பார்க்கலையாப்பா?"

அவளுக்கு நான் என்ன சொல்ல? 'டை தயாரிப்பின்போது நேர்ந்த இரட்டிப்பு.' வழவழா கொழகொழா என்று எழுத உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. டை தானாகத் தயாராகி, தானாக நடந்து வந்து, என் பிரஸ்ஸில் தானாக மாட்டிக்கொண்டதா?

நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். அன்று காலை பத்தரை மணி. பழைய டை தேய்ந்து, ஆறாம் எண் நின்று நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நான் உன் அறை ஜன்னலுக்கு வந்தேன். "அக்கா, சீக்கிரம் குடு, ஃபோர்மேன் தலைக்கு மேல நிக்கறான்" என்றேன். புது டை உன் மேஜைமேல் பெட்டியைக்கூடத் திறக்காமல் இருந்தது. "இன்னும் பார்க்கலடா" என்றாய். "பார்த்துக் கிழிச்சே, இத்தன வருஷத்துல ஒண்ணாவது தப்பா வந்திருக்கா?" என்றேன். நீ சிரித்துவிட்டு, வழக்கப்படி ஈய வில்லையில் ஒரு அழுத்து அழுத்தி அச்சுப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, டையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாய். "கார்டுல அப்புறம் கையெழுத்துப் போட்டுக்கறேன்" என்றாய். வேறு எவன் வந்து நின்றிருந்தாலும் ஒரு மணி நேரம் காக்க வைத்திருப்பாய். தம்பி என்பதால் கொடுத்தாய். அவசரப்படுத்தியது நான். அந்தப் பங்கு என்னுடையது. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று நீ என்னை ஒரு தடவையும் கேட்டதில்லை. அத்தானுக்கு வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு, அதுவும் உன் வேலையில் வந்த மருத்துவ அட்டையில் நடந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அதனால் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆனால் நீயே சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன், அக்கா. உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சுத்தமா இருந்துச்சு" என்று நீ அவர்களிடம் சொன்னபோது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேலை போனதைக்கூட விட்டுவிட்டேன். அதை விட முடியவில்லை.

டை விரிசல் விட்டு ஓய்ந்ததும், விசாரணைக்கு முன்பே, அதன் முகத்தை அராவி எறிந்துவிட்டார்கள். ஈய வில்லைகளை வருடக் கடைசியில் உருக்கிவிடுவது வழக்கம். எனவே உன் வாய்ச்சொல் ஒன்றுதான் மிச்சம். குழுவுக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுது. அந்த டையை நீ பார்த்தாயா, இல்லையா?

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

பார்க்கவில்லை.

டையைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை வில்லையைப் பார்த்தேன். வில்லையில் டையின் எண்ணையும் தேதியையும் ஊசியால் கீறி வைக்க வேண்டும் அல்லவா, அதற்காக எடுத்தபோது பாய்மரம் இரண்டாகத் தெரிந்தது. லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. கூடத்தில் உன் பிரஸ் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதன் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். எழுந்து போய், "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முதல் நாளே ஒரு ஷிஃப்ட் முழுக்க அடித்தாகிவிட்டது, இனிச் சொன்னால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தெரிந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். இருபது காசின் பாய்மரத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த வில்லை உருக்கப்படவில்லை. சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெளியே எறியவும் கை வரவில்லை. பதினான்கு வருடமாக என் தையல் பெட்டியில், பொத்தான்களுக்கு அடியில் இருக்கிறது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எண்ணும் தேதியும் என் கையெழுத்தில் இருக்கும். விரிசல் இருக்காது. பாய்மரம் இரண்டாக இருக்கும்.

உன் அத்தானுக்குத் தெரியும். அவர் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "உன் தம்பி வேலையத்தான் நான் மருந்தா குடிச்சிக்கிட்டிருக்கேன்" என்றார். அவர் இருந்தவரை அவர்தான் எனக்குக் காரணம். அவர் போனதும் அந்தக் காரணமும் போய்விட்டது. அதற்குப் பிறகும் நான்கு வருடம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் எதுவும் இல்லை. உன் அத்தானின் சாவுக்கு நீ வரவில்லை என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது வசதியாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பாதிதான். நான் மூன்றாவது காசு கேட்டது சந்தேகத்தால் அல்ல. காசுகளே உன்னை விடுவித்துவிட்டால் தையல் பெட்டியைத் திறக்க வேண்டியிராது என்று கேட்டேன். நீ முந்நூற்றுப் பதினேழு சாவி வெட்டிய நாற்பது நாளும் இந்த வில்லை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த எண்ணை நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகும், 'வெந்நீர் ஒத்தடம் கொடு' என்று எழுதினேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

குழுவுக்கும் நாணயச்சாலைக்கும் எழுதிவிட்டேன். சரிபார்ப்பாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். ஓய்வூதியத்தில் கை வைப்பார்களா என்று தெரியாது, வைத்தால் வைக்கட்டும். நான் கடைசியாகச் சரிபார்த்துக் கொடுத்த பதிவு இது. அச்சகத்துக்குப் போய்விட்டது:

"45-இ. இருபது காசு, கப்பல். இரட்டைப் பாய்மரம். டையிலேயே இருந்த இரட்டிப்பு. டையின் ஈயப் பிரதியாலும் மூன்று காசுகளாலும் உறுதியானது. டையைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்திட்டு, விசாரணையிலும் அவ்வாறே சொன்னவர், முந்தைய பதிப்பின் சரிபார்ப்பாளர். பிரஸ் ஓட்டுநர் குற்றமற்றவர். முந்தைய பதிப்பின் 212ஆம் பதிவு தவறு."

வில்லையைப் பஞ்சில் சுற்றியிருக்கிறேன். ஈயம் மெத்தென்று இருக்கும். தேய்த்துவிடாதே.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கட்டைவிரல் இல்லை. உன் கடிதத்தில் 'கைக்கெட்டும் தூரத்தில்' என்ற இடம் வந்ததும் கடையை இழுத்து மூடிவிட்டு நடக்கப் போய்விட்டேன். நான்கு நாள் கடை திறக்கவில்லை. உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் நன்றாக வந்திருந்தன. அனுப்பவில்லை.

நீ செய்தது பிழையா, வகையா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அன்று ஜன்னலில் நடந்தது ஒரு தடவை நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு நடந்தது பதினான்கு வருடம், ஒவ்வொரு நாளும், அதே இடத்தில், அதே மாதிரி. உன் முன்னுரைப்படி அதற்கு என்ன பெயர் என்று உனக்கே தெரியும். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் வழவழா கொழகொழா ஆகிவிடுவேன்.

புத்தகம் வந்துவிட்டது. நூலகத்தில் வாங்கிய முதல் பிரதியை மகள்தான் பிரித்திருக்கிறாள். 31ஆம் பக்கத்தை நகல் எடுத்து வந்து, கடையில் சாவிகள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். சாவி வெட்ட வருகிறவர்கள் விலைப்பட்டியல் என்று நினைத்துப் படிக்கிறார்கள். 'டையை அவசரப்படுத்தி வாங்கியவர் ஓட்டுநர்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதினேன். அச்சாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று புதுச் சரிபார்ப்பாளர் பதில் போட்டார். அவர் தாள் மடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வில்லையை அதுவரைக்கும் அவளிடம் காட்டாமல் வைத்திருந்தேன். பக்கத்தை ஒட்டிய அன்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். விரலால் கப்பலைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"இது எனக்குத் தெரியும்ப்பா."

எப்படித் தெரியும் என்றேன்.

"சின்ன வயசுல அத்தை வீட்டுக்குப் போவோமே. பெரிய பொத்தான் பெட்டி ஒண்ணு இருக்கும். அதக் கொட்டி விளையாடுவேன். ஒரு நாள் அடியில இந்தக் கப்பல் இருந்துச்சு. சாம்பல் கலர்ல, மெத்துன்னு. அத்தை கையிலேர்ந்து புடுங்கி, கன்னத்துல ஒரு அறை விட்டாங்க. அதுவரைக்கும் அடிச்சதே இல்ல. நான் அழுதேன். நான் நிறுத்தின அப்புறமும் அவங்க அழுதுக்கிட்டே இருந்தாங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விசாரணைக்கு முந்தின வாரமாக இருக்க வேண்டும். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அதைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்திருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

நீ ஏன் அடித்தாய் என்று உன்னிடமே கேட்க வேண்டுமாம். நான் சொன்னால் போதாதாம். உன் கண் அறுவை சிகிச்சை ஆகஸ்ட் பத்தாம் தேதி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். கட்டுப் போட்டிருக்கும்போது கூட ஒரு ஆள் வேண்டும் என்கிறாள். அவளுக்குக் கல்லூரி விடுமுறை. ஒன்பதாம் தேதி காலை எட்டு மணி பஸ்ஸில் அனுப்புகிறேன். வில்லையும் அவள் பையில் வரும்; அது இருக்க வேண்டிய இடம் சங்கம், இரண்டு பேருமாகப் போய்க் கொடுத்துவிடுங்கள்.

அவளைக் கொண்டுவிட பஸ் நிலையம் வரைக்கும் நான் வருவேன். அதற்கு மேல் இப்போது சொல்ல முடியாது.

தம்பி